ட்ரென்டோவின் மலைப் பாடகர்கள்: ஸாட் குழு காத்ததும் மாற்றியதும்

இத்தாலியின் வட்டாரப் பாடல்களைக் காத்துவருவதாகச் சொல்லப்படும் பாடகர் குழுக்கள் எப்படித் தோன்றின, அவை பாடுவது கிராமத்து மக்கள் பாடிய பழைய பாடல்தானா அல்லது மேடைக்கென்று செய்யப்பட்டதா என்பது கேள்வி. இத்தகைய குழுக்கள் இத்தாலியில், குறிப்பாக ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், ஏராளமாக உள்ளன. ஆனாலும் ஒரு குழுவின் கதையைச் சரியாகச் சொன்னால் மற்றவற்றின் கதையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே வந்துவிடும். ட்ரென்டோ நகரின் ஸாட் குழுதான் அது. மலைப் பாடகர் குழு என்றதும் இன்று இத்தாலியர்களின் நினைவுக்கு வரும் அமைப்பும் ஒலியும், அதாவது துணைக்கருவி எதுவுமில்லாமல் நான்கு குரல் வரிசைகளில் மிக மென்மையாகப் பாடும் ஆண்களின் கூட்டம், 1926இல் இந்தக் குழுவிடமிருந்து பிறந்ததே.

ட்ரென்டோ எந்த நாட்டில் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதல் உலகப் போர் முடியும் வரை அந்நகரமும் அதைச் சூழ்ந்த ட்ரென்டினோ பள்ளத்தாக்குகளும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதிகளாக இருந்தன. மக்கள் பேசியது பெரும்பாலும் இத்தாலிய வட்டார வழக்கு. ஃபாஸா பள்ளத்தாக்கில் லடின் மொழியும், ஒருசில மலைக் கிராமங்களில் பழைய ஜெர்மானிய வழக்குகளும் பேசப்பட்டன. 1872இல் மடோனா டி கம்பீலியோ என்னும் மலையூரில் ட்ரென்டினோ மலையேறுவோர் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் இத்தாலியப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ஸாட். பெயருக்கு மலையேறும் சங்கம் என்றாலும், ஜெர்மன் மொழி பேசும் மலையேறிகளின் சங்கங்களுக்கு எதிரில் இந்த மலைகளை இத்தாலிய மொழிக்கு உரியவையாக நிறுவுவதும் அதன் நோக்கமாக இருந்தது. ஒரு சிகரத்துக்கு எந்த மொழியில் பெயரிடுவது, ஒரு குடிலை யார் கட்டுவது என்பவை எல்லாம் அங்கே அரசியலாக இருந்த காலம் அது.

பிறகு போர் வந்தது. ட்ரென்டினோவைச் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் ஆஸ்திரியச் சீருடையில், பெரும்பாலும் ரஷ்யாவுக்கு எதிரான கலீசிய முனையிலும் கார்பேதிய மலைகளிலும் போரிட அனுப்பப்பட்டனர். அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1915 மே மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும் எல்லைப் பள்ளத்தாக்குகள் போர்முனையாகிவிட்டன. பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பேரரசின் உட்பகுதிகளுக்கு, வியன்னாவுக்கு அருகிலிருந்த மிட்டெர்ன்டார்ஃப் போன்ற மரக்கொட்டகை முகாம்களுக்கும் போஹேமிய, மொராவியக் கிராமங்களுக்கும் ரயிலேற்றப்பட்டனர். இந்த அலைச்சல் பாடல்களிலும் தங்கியிருக்கிறது. ட்ரென்டினோக் குழுக்கள் இன்றும் பாடும் ஒரு பாடலில், கார்பேதிய மலைக்குக் கணவனைத் தேடிச் செல்லும் பெண் காற்றுக்கும் பாறைப் பிளவுகளுக்கும் இடையே ஒரு சிலுவையை மட்டுமே காண்கிறாள். அவன் போனது பேரரசருக்காகப் போரிட. இத்தாலியப் படையின் போர்ப் பாடல்களோடு சேர்த்துப் பாடப்படும் இது எதிரணிப் படையின் பாடல் என்பதைக் கேட்பவர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு.

போருக்குப் பின் ட்ரென்டோ இத்தாலிக்கு வந்தது. 1921இல் மலையேறுவோர் சங்கத்துக்குள் தொழிலாளர்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு, நீனோ பெட்டெர்லோங்கோ என்பவரின் முன்முயற்சியில் அமைந்தது. அதன் சுருக்கப் பெயர் ஸோஸாட். அதுவரை மலையேற்றம் என்பது வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் செய்த பொழுதுபோக்கு. பட்டறைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகலாம் என்பது அந்த நாளில் புதிய எண்ணம். மலைக்குப் போனவர்கள் குடில்களில் இரவு தங்கினார்கள். தங்கினால் பாடாமல் இருப்பார்களா? பாடினார்கள். அந்தப் பாட்டிலிருந்துதான் குழு பிறந்தது. எனவே இதன் வேர் ஊர்த் தேவாலயத்திலோ இசைப் பள்ளியிலோ இல்லை. தொழிலாளர் சங்கமும் மலைக்குடிலும் சந்தித்த இடத்தில் இருக்கிறது.

குழுவின் மையத்தில் பெட்ரோட்டி சகோதரர்கள் நால்வர் இருந்தனர்: என்ரிக்கோ, மாரியோ, சில்வியோ, ஆல்டோ. தொழில் புகைப்படம். பெட்ரோட்டி சகோதரர்களின் புகைப்பட நிலையம் ட்ரென்டோவில் பெயர்பெற்றது, அவர்கள் எடுத்த மலைப் படங்கள் இன்று அப்பகுதியின் வரலாற்று ஆவணங்களாகக் காக்கப்படுகின்றன. பாட்டு அவர்களுக்குப் பிழைப்பு அன்று. குழுவில் பாடியவர்களுக்கும் அப்படியே, இன்றுவரை அப்படியே. குழு முதன்முதலில் பொதுமக்கள் முன் பாடியது 1926 மே மாதத்தில், ட்ரென்டோவின் பூவோன்கொன்ஸீல்யோ கோட்டையில். பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1916 ஜூலையில், இத்தாலியப் பக்கம் சேர்ந்து போரிட்ட ட்ரென்டோக்காரரான செசாரே பத்திஸ்தியை ஆஸ்திரியர்கள் தூக்கிலிட்ட இடம் அது. ஆகவே அங்கே வட்டார வழக்கில் ஒரு பாட்டைப் பாடுவது வெறும் மாலைப் பொழுதின் நிகழ்ச்சியாக யாருக்கும் தோன்றியிருக்க முடியாது.

அந்த மேடையில் நடந்த மாற்றம் என்ன என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முன் இப்பாடல்கள் எங்கே, எப்படிப் பாடப்பட்டன என்று தெரிந்திருக்க வேண்டும். குளிர்கால இரவுகளில் விறகை மிச்சப்படுத்த, மாடுகளின் உடல்சூடு நிறைந்த தொழுவத்தில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். பெண்கள் நூல் நூற்பார்கள், ஆண்கள் கருவிகளைச் செப்பனிடுவார்கள், கதையும் ஜெபமும் பாட்டும் நடக்கும். இந்தக் கூடலுக்கு வட இத்தாலியில் ஃபிலோ என்று பெயர். தாலாட்டு, நீண்ட கதைப்பாடல், பட்டு நூற்பாலைப் பெண்களின் பாட்டு, கல்யாணப் பாட்டு, காதலியின் சன்னலுக்குக் கீழே இரவில் பாடும் மைதினாதா, படைக்கு ஆள் எடுக்கும்போது பாடும் பாட்டு என்று வகைகள் பல. பாடும் முறை எளியது. ஒருவர் மெட்டை எடுப்பார். இன்னொருவர் அதற்கு மேலோ கீழோ மூன்றாம் சுர இடைவெளியில், நம் கணக்கில் சட்ஜத்துக்குக் காந்தாரம் போல, மெட்டோடு ஒட்டியே நகர்வார். கீழே சிலர் நிலையான சுரங்களைப் பிடித்துக்கொள்வார்கள். யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. குரல்கள் உரத்தும் கரகரத்தும் ஒலிக்கும். கேட்பவர் என்று தனியாக ஒருவர் இல்லை. அங்கிருந்த எல்லோரும் பாடுபவர்களே.

பெட்ரோட்டி சகோதரர்கள் இந்த மூன்றாம் இடைவெளிப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதை அவர்கள், மேல் குரலிலிருந்து கீழ்க் குரல் வரை, நான்கு வரிசைகளாக ஒழுங்குபடுத்தினார்கள்: முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிட்டோன், பேஸ். உரத்த குரலை அடக்கினார்கள். முதல் டெனர்கள் தொண்டையை இறுக்காமல் தலைக்குரலில் மெல்லப் பாடுவதும், சில இடங்களில் வாயை மூடி முனகல் ஒலியாலேயே பின்னணி அமைப்பதும், ஒரு சொல்லின் உயிரெழுத்தை எல்லோரும் ஒரே நிறத்தில் உச்சரிப்பதும் இந்தப் பாணியின் அடையாளங்களாயின. இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தெரியாதவர்களும் காதால் கேட்டுத் தங்கள் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளும் முறை தொடர்ந்தது. தொழுவத்திலிருந்து குழு எடுத்துவந்த பழக்கங்களில் மிகப் பழையது இதுதான் என்பேன்.

நான்கு குரலுக்கும் பாட்டை எழுதித்தரப் பயிற்சி பெற்ற இசைக்காரர்கள் வேண்டியிருந்தது. இருவர் முன்வந்தனர். ஒருவர் லூயிஜி பிகரெல்லி, 1875இல் பிறந்தவர், தொழிலால் நீதித்துறையைச் சேர்ந்தவர். நீதிபதி ஒருவர் பாட்டுக் குழுவுக்கு எழுதுவது பொருத்தமாக இராது என்று எண்ணினாரோ என்னவோ, பியெர்லூயிஜி கல்லி என்ற புனைபெயரில் தம் இசையமைப்புகளை வெளியிட்டார். மற்றவர் அன்டோனியோ பெட்ரோட்டி, ரோமில் இசையமைப்பாளர் ரெஸ்பிகியிடம் பயின்ற இசை நடத்துநர், பின்னாளில் 1960இல் தொடங்கிய பொல்சானோ-ட்ரென்டோ ஹைடன் இசைக்குழுவை வழிநடத்தியவர். குலப்பெயர் ஒன்றாக இருந்தாலும் நான்கு சகோதரர்களுக்கும் இவருக்கும் உறவு இல்லை. இந்த இருவரின் அளவறிந்த எழுத்துதான் குழுவின் தொடக்க ஒலியைத் தீர்மானித்தது. மெட்டை நசுக்கிவிடாமல், அது நிற்பதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கீழே சுரங்களை வைப்பது அவர்கள் வழி.

குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு அதுவே கூர்மையான பதில். "லா மொன்தனாரா" என்னும் அந்தப் பாடல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, ஆல்ப்ஸ் மலையின் தொன்மையான பாட்டு என்றே உலகெங்கும் கருதப்படுகிறது. உண்மையில் அது 1927இல், டோனி ஓர்தெல்லி என்னும் மலையேறி, ட்ரென்டினோவிலிருந்து வெகுதூரத்தில் உள்ள பியட்மாண்ட் மலைகளில், பியான் டெல்லா முஸ்ஸா என்ற இடத்தில் இயற்றியது. தூரத்தில் ஒருவர் பாடியது காற்றில் வர, அதைக் கேட்டு மெட்டு உருவானதாகக் கதை. அதில் வரும் சூரியன் மகள் சொரெகீனாவோ ஃபாஸா பள்ளத்தாக்கின் லடின் புராணக் கதைகளைச் சேர்ந்தவள். பிகரெல்லி அதற்கு நான்கு குரல் அமைத்துக் கொடுக்க, ட்ரென்டோ குழு பாடிப் புகழ் சேர்த்தது. ஒரு வட்டாரத்தின் மலையில், இன்னொரு வட்டாரத்தின் கதையை வைத்து, நகரத்து மலையேறி ஒருவர் எழுதிய பாட்டு முப்பதே ஆண்டுகளில் "நாட்டுப்பாடல்" ஆகிவிட்டது. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மலைப்பாடல் என்ற பெயரின் கீழே வருவதெல்லாம் மூதாதையர் சொத்து என்று நம்புபவர் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுமுனையில் உண்மையிலேயே பழைய பாடல்களும் உண்டு. "படைத்தலைவனின் உயில்" என்ற பாடலில், சாகக் கிடக்கும் தலைவன் தன் உடலைத் துண்டுகளாக்கி, ஒன்றை நாட்டுக்கும், ஒன்றைப் படைப்பிரிவுக்கும், ஒன்றைத் தாய்க்கும், ஒன்றைக் காதலிக்கும், கடைசித் துண்டை மலைகளுக்கும் தரச் சொல்கிறான். முதல் உலகப் போரில் மலைப்படை வீரர்கள் பாடிய இந்தப் பாட்டின் வேர் பதினாறாம் நூற்றாண்டுக்குப் போகிறது. 1528இல் நேப்பிள்ஸ் முற்றுகையின்போது காயமுற்று இறந்த சலூட்ஸோ பிரபு மிக்கேலே அன்டோனியோவின் சாவைப் பற்றிய புலம்பல் அது. கொஸ்தான்தீனோ நீக்ரா 1888இல் வெளியிட்ட பியட்மாண்ட் நாட்டுப்பாடல் தொகுப்பில் அந்தப் பிரபுவின் உயில் இடம்பெற்றிருக்கிறது. பிரபு போய்ப் படைத்தலைவன் வந்தான், ஊர்ப் பெயர்கள் போய் மலைகள் வந்தன, உடலைப் பங்கிடும் அந்த ஒற்றைக் கற்பனை மட்டும் நாலு நூற்றாண்டுகள் வாய்வழியே வந்து சேர்ந்தது.

1930களில் குழுவின் பெயர் பரவியதற்குக் காரணம் இசைத்தட்டு. பள்ளத்தாக்கை விட்டு வெளியேறாத பாட்டு மிலானிலும் ரோமிலும் வீட்டுக்குள் ஒலித்தது. அதே ஆண்டுகளில் பாசிச ஆட்சி தொழிலாளர் அமைப்புகளைக் கலைத்து, மக்களின் ஓய்வு நேரத்தையே 1925இல் தொடங்கிய தன் அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்துகொண்டிருந்தது. ஸோஸாட் என்ற தொழிலாளர் பிரிவும் தப்பவில்லை. அதுவரை ஸோஸாட் பெயரில் பாடிவந்த குழு தாய்ச் சங்கமான ஸாட்டின் பெயருக்கு மாறியது இந்த நெருக்கடியில்தான். போர் முடிந்ததும் 1945இல் தொழிலாளர் பிரிவு மீண்டும் உயிர்பெற்று, ஸோஸாட் என்ற பெயரிலேயே தனக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டது. அதனால் இன்று ட்ரென்டோவில் 1926ஐத் தங்கள் பிறந்த ஆண்டாகக் கொள்ளும் குழுக்கள் இரண்டு இருக்கின்றன. பாடிய மனிதர்களின் தொடர்ச்சியைப் பார்த்தால் ஸாட் குழு மூத்தது, அமைப்பின் பெயரையும் கொள்கையையும் பார்த்தால் ஸோஸாட். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

போரையும் தாண்டி நீண்ட அரை நூற்றாண்டு சில்வியோ பெட்ரோட்டியின் காலம். 1938 முதல் 1988 வரை குழுவை நடத்திய அவர், பாடல் சேகரிப்பாளராகவும் இருந்தார். பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய், முதியவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டு, ஒரே பாட்டின் வெவ்வேறு வடிவங்களைத் திரட்டி, ட்ரென்டினோ நாட்டுப்பாடல்களின் பெருந்தொகுப்பு ஒன்றை 1970களில் வெளியிட்டார். மேடையில் பாடியதைவிடப் பல மடங்கு பாடல்கள் அதில் கிடக்கின்றன. குழு காத்தது எது என்று கேட்டால் முதலில் இந்தத் தொகுப்பைத்தான் காட்டுவேன், இசைத்தட்டுகளை அல்ல.

இதே காலத்தில்தான் பெரிய இசையமைப்பாளர்கள் குழுவுக்கு எழுத முன்வந்தனர். ஜார்ஜோ ஃபெடெரிகோ கெடினி, புரூனோ பெட்டினெல்லி, ரெனாட்டோ தியோனீஸி, ஆண்ட்ரேயா மஸ்கான்யி போன்றோர் அந்த வரிசையில் வருகிறார்கள். யாரும் எதிர்பாராத பெயர் ஆர்துரோ பெனடெட்டி மிக்கெலாஞ்சலி. இருபதாம் நூற்றாண்டின் ஒப்பற்ற பியானோ கலைஞர்களில் ஒருவர், ஒரு சுரம் மனத்துக்கு ஒவ்வாவிட்டாலும் கச்சேரியை ரத்துசெய்யத் தயங்காதவர் என்று பெயரெடுத்தவர். ட்ரென்டினோவின் ராபி பள்ளத்தாக்கில் வீடு வைத்திருந்த அவர், இந்தக் குழுவுக்காகப் பத்தொன்பது நாட்டுப்பாடல்களுக்கு நான்கு குரல் அமைத்துக் கொடுத்தார். பியானோவுக்குப் பழகிய கை என்பதால் நெருக்கமான, எதிர்பாராத சுரக்கூட்டுகள் அவற்றில் வருகின்றன. ஆனால் மெட்டு ஓர் இடத்திலும் மறைவதில்லை. புகைப்படக்காரர்களும் அலுவலகப் பணியாளர்களும் கடைக்காரர்களும் அடங்கிய ஒரு குழுவை அவர் தம் அளவுகோலால் அளந்து தகுதியுடையது என்று கண்டார் என்பது சின்னச் சான்றிதழ் அன்று. இசை விமர்சகரும் மலையேறியுமான மாசிமோ மிலா இந்தக் குழுவை ஆல்ப்ஸ் மலையின் இசைக் கல்லூரி என்று அழைத்ததும் இந்தத் தரத்தைக் கருதியே.

புகழுக்கு எதிரான குரலும் எழுந்தது. 1954, 1955 ஆண்டுகளில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்களான அமெரிக்கர் ஆலன் லோமாக்ஸும் இத்தாலியர் தியேகோ கார்பிதெல்லாவும் ஒலிப்பதிவுக் கருவியோடு இத்தாலி முழுக்கச் சுற்றி, வயலிலும் துறைமுகத்திலும் மக்கள் பாடியதைப் பாடியபடியே பதிவு செய்தார்கள். ஜெனோவாவின் துறைமுகத் தொழிலாளர்கள் வட்டமாக நின்று, ஒருவர் வாயாலேயே கிடாரின் ஒலியை எழுப்ப, மற்றவர்கள் ஆளுக்கொரு வரிசை பாடும் த்ரல்லலேரோவை அந்தப் பதிவுகளில் கேட்டவர்களுக்கு, எந்தப் பேராசிரியரும் எழுதித்தராத பலகுரல் பாட்டு இந்த நாட்டில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 1960களில் மிலானில் ரொபெர்த்தோ லெய்டி முதலிய ஆய்வாளர்கள் மலைப் பாடகர் குழுக்களைக் கடுமையாகவே விமர்சித்தார்கள். கரடுமுரடான குரலைச் சலவை செய்துவிட்டீர்கள், பசியையும் வேலையையும் குடிபெயர்வையும் பாடிய பாட்டை அஸ்தமன வெளிச்சத்தில் தோய்ந்த ஏக்கப் பாட்டாக்கிவிட்டீர்கள் என்பது அந்த விமர்சனத்தின் சாரம்.

இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் உண்மை என்பது என் கருத்து. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்பாடல்களில் பெரும்பகுதியைப் பாடிக் காத்தவர்கள் பெண்கள். மேய்ப்பவளும், ஓநாயிடம் ஆட்டைப் பறிகொடுத்தவளும், நூற்பாலையில் விடியும் முன் நுழைந்தவளும், தொட்டிலை ஆட்டியவளும் "நான்" என்று பாடிய பாட்டை முப்பது ஆண்கள் நின்று பாடும்போது ஏதோ ஒன்று நழுவிப்போகிறது. மோடெனா பகுதியில் நெல் வயலில் களையெடுத்த பெண்கள் 1970களில் தாங்களே குழுவாகி, அந்தப் பாட்டுகளைத் தங்கள் குரலிலேயே பாடத் தொடங்கினார்கள். அந்தக் குரலில் மெருகு இல்லை, அதன் தேவையும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெருகு எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது என்பது விளக்கமில்லாமலே புரியும்.

ஆனால் விமர்சகர்கள் ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டார்கள். தொழுவம் இல்லாமல் போனால் தொழுவத்துப் பாட்டும் போய்விடும். 1950களுக்குப் பிறகு சூடேற்றும் அடுப்பும் வானொலியும் தொலைக்காட்சியும் ஃபிலோவை முடித்துவைத்தன. பிள்ளைகள் நகரத்து ஆலைகளுக்குப் போனார்கள், வீட்டில் வட்டார வழக்கு தேய்ந்தது. அந்த இடைவெளியில் வாரம் இரண்டு மாலை கூடி, பாட்டனின் சொற்களைப் பாட்டனின் உச்சரிப்போடு பாடப் பழகும் ஓர் இடத்தை இந்தக் குழுக்கள் கொடுத்தன. ஸாட்டைப் பார்த்து ட்ரென்டினோவில் மட்டுமல்ல, வெனெட்டோவிலும் லொம்பார்டியிலும் பியட்மாண்டிலும் ஊருக்கொரு குழு முளைத்தது. ஸாட் குழுவே ட்ரென்டினோவோடு நின்றுவிடாமல் ஃபிரியூலி வட்டாரத்தின் நாலடி நாட்டுப்பாடல்களான வில்லோத்தாக்களையும் மற்ற வட்டாரங்களின் பாடல்களையும், அவற்றின் மொழியை இத்தாலியப் பொதுமொழிக்கு மாற்றாமல், எடுத்துப் பாடியது. பின்னர் சேகரிப்பாளர்கள் கிராமங்களுக்குப் போனபோது ஒரு வேடிக்கை நேர்ந்தது. பழைய பாட்டைப் பாடுங்கள் என்றால் ஊரார் இசைத்தட்டில் கேட்ட குழுவின் வடிவத்தையே, அதே ஏற்ற இறக்கங்களோடு பாடிக்காட்டினார்கள். குழு செய்த வடிவம் ஒரு தலைமுறைக்குள் கிராமத்துக்குத் திரும்பி அங்கே மரபாகிவிட்டிருந்தது.

1988இல் சில்வியோ விலக, மௌரோ பெட்ரோட்டி பொறுப்பேற்றார். குடும்பத்தின் அடுத்த தலைமுறை அது. பாணி அடையாளம் தெரியாமல் மாறிவிடவில்லை. புதிய இசையமைப்புகள் சேர்ந்தன, பழைய பிகரெல்லியின் அமைப்புகளும் நிகழ்ச்சியில் தொடர்ந்தன.

கேட்டுப் பார்க்க நினைப்பவருக்கு ஒரு வழி சொல்கிறேன். "லா மொன்தனாரா"விலிருந்து தொடங்காதீர்கள். முதலில் "லா வல்சுகானா"வைக் கேளுங்கள். பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியதும் அம்மா எப்படியிருக்கிறாள் என்று போய்ப் பார்ப்போம் என்னும், ஓரிரு வரியில் அடங்கிவிடும் பாட்டு அது, மூன்றாம் இடைவெளியில் பாடும் பழைய பழக்கம் அதில் தெளிவாகக் காதில் விழும். அடுத்து கார்பேதிய மலைப் பாட்டு. அதன் பிறகு மிக்கெலாஞ்சலி அமைத்த ஏதேனும் ஒன்று. கடைசியாக லோமாக்ஸின் ஜெனோவாப் பதிவு. இந்த வரிசையில் கேட்ட பின் "லா மொன்தனாரா"வுக்கு வந்தால், அது ஏன் பழைய பாட்டைப் போல ஒலிக்கிறது என்பதும், எந்த இடத்தில் பழைய பாட்டைப் போல ஒலிக்கவில்லை என்பதும் உங்கள் காதுக்கே பிடிபடும்.